முதுகில் சிவப்புக் கோடு

என்னைச் சிலந்தி கடித்து வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று சொன்னால் ஆரணியில் இன்றும் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். பாம்பு என்றால் ஒரு மரியாதை உண்டு. தேள் என்றால்கூட உச்சுக் கொட்டுவார்கள். எட்டுக்கால் பூச்சி என்றதும், அதுக்குப் பல்லு கீதா என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். பல் இருக்கிறது, நான் சாட்சி. என்னைப்போல வேறு யாராவது வயிறு கல்லாகிப் படுத்திருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன். அதோடு, அந்த நாட்களை நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. வலியை உடம்பு எப்போதோ மறந்துவிட்டது. மற்றதெல்லாம் மனதில் அப்படியே இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு ஜக்கார்டு அட்டை அடிக்கும் தொழில். பட்டுச்சேலையின் கரையில் மயிலோ மாங்காயோ வர வேண்டுமானால் அதை முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். பிறகு அந்தக் கட்டங்களின்படி நீள அட்டைகளில் ஓட்டை போட்டு, அட்டைகளைக் கயிற்றால் வரிசையாகக் கோர்த்துக் கொடுக்க வேண்டும். தறிக்கு மேலே இருக்கும் பெட்டியில் அதை மாட்டுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய இழை மேலே தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை அசையாமல் கிடக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், விஷத்தைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

நாங்கள் சமணர்கள். தெள்ளாருக்குப் பக்கத்துக் கிராமம். நான் பிழைப்புக்காக ஆரணி வந்தபோது, புழுவை வெந்நீரில் போட்டு நூலெடுக்கிற தொழிலில் மட்டும் கை வைக்காதே என்று சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். அட்டையில் எந்தப் புழுவும் சாகவில்லை என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன். என் மனைவி ராஜமதி அதை நம்பவில்லை. ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று விட்டுவிட்டாள். அவள் என்னைவிடக் கறார். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டாள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் போட மாட்டாள். கரப்பான், பல்லிக்குஞ்சு, மரவட்டை எது வந்தாலும் பிடித்து வெளியில் விடுவதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் இருந்தது. பூச்சியின் மேல் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் மெல்ல ஓர் அட்டையைச் செருகி, அப்படியே தூக்கிக்கொண்டு போய் விடுவாள். விருந்தாளி யாராவது தெரியாமல் அந்த டம்ளரில் காப்பி கேட்டு நாங்கள் இருவரும் திருதிருவென்று விழித்ததும் உண்டு.

மார்கழி மாதம். தையில் கல்யாணம் வைத்திருந்த ஒரு வீட்டுக்குப் பழைய மயில் கரைதான் வேண்டும் என்று ஏகாம்பரம் வந்து நின்றார். அவர் நிறையத் தறிகளுக்கு வேலை கொடுப்பவர், எனக்கும் படியளப்பவர். பின்னறையில் ஆணியில் தொங்கிய பழைய அட்டைக் கட்டுகளில் ஒன்றை இறக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் வைத்துப் பிரித்தேன். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே சுருக்கென்றது. அட்டை கோர்க்கிற ஊசியைக் கட்டிலேயே செருகி மறந்துவிடுவது என் பழக்கம். அதற்காக ராஜமதியிடம் திட்டு வாங்காத நாள் இல்லை. ஊசிதான் என்று நினைத்தேன். சொன்னால் இன்னொரு முறை திட்டு விழும் என்று வாயைத் திறக்கவில்லை. காலைத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது தொடை இடுக்கில் கட்டி வந்ததுபோல ஒரு வலி. அது ஏறி அடிவயிற்றுக்கு வந்தது, முதுகைச் சுற்றிக்கொண்டது. வயிற்றுத் தசை தானாகவே இழுத்துப் பிடித்தது. நான் தளர்த்த நினைத்தாலும் அது என் பேச்சைக் கேட்கவில்லை. மார்கழிக் குளிரில் வேட்டி நனையும்படி வேர்த்தது. கூடத்தில் உருண்டேன். நான் காலையிலிருந்து எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று பார்க்க ராஜமதி பின்னறைக்கு ஓடினாள். பிரித்துப் போட்ட அட்டையின் மேல் அந்தச் சிலந்தி உட்கார்ந்திருந்ததாம். வழக்கம்போல டம்ளரில் பிடித்துக் கொல்லைக்குப் பின்னால், பிள்ளைகள் போகாத முள் குவியலில் விட்டுவிட்டு வந்தாள்.

எங்கள் தெரு டாக்டரிடம் முதலில் போனோம். வயிற்றில் கேஸ் என்று ஓர் ஊசி போட்டார். பூச்சி கடித்திருக்குமோ என்று ராஜமதி கேட்டதற்கு, எட்டுக்கால் பூச்சி கடித்து யாருக்கும் வயிற்று வலி வந்ததில்லையம்மா என்று சிரித்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஊசி கேட்கவில்லை. ஏகாம்பரம் தன் அம்பாசிடரை அனுப்பினார். சேத்துப்பட்டில் உரக்கடை வைத்திருந்த ராஜமதியின் தம்பி ஜினதாஸ் தற்செயலாக ஆரணி வந்திருந்தான். அவனும் ஏறிக்கொண்டான். வழியில் ராஜமதி மறுபடி பூச்சி என்று ஆரம்பித்தாள். ஜினதாஸ் முன் சீட்டிலிருந்து திரும்பினான்.

"ஏன்க்கா, அதான் கடிச்சதுன்னா ஒரு பாட்டில்ல போட்டு எடுத்துகினு வந்திருக்கலாம் இல்ல? டம்ளர்ல புடிச்சி உட்டுட்டு வந்து இப்ப பூச்சி பூச்சின்றியே. மாமா உயிரு போவுது, உனக்கு அந்த உயிரு பெரிசா பூட்டுதா?"

அதன் பிறகு வேலூர் வரும்வரை அவள் பேசவில்லை. என் தலை அவள் மடியில் இருந்தது. முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், தனியார் ஆஸ்பத்திரி. வாசலில் எஸ்.டி.டி. பூத், உள்ளே மர பெஞ்சுகள், பினாயில் வாசனை, பெயர் கூப்பிடும்போது எல்லாரும் சேர்ந்து எழுந்து நிற்கும் கூட்டம். என்னைத் தள்ளுவண்டியில் ஒவ்வோர் அறையாகக் கொண்டுபோனார்கள். மாரடைப்பா என்று பார்க்க ஈ.சி.ஜி. குடலில் ஓட்டை விழுந்திருந்தால் காற்று வெளியே வந்து நிற்குமாம், அதைப் பார்க்க எக்ஸ்ரே. கணையம் புண்ணாகியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம். எதிலும் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை. ரத்தக் கொதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

சர்ஜன் பெரியவர், பொறுமையானவர். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, பலகை மாதிரி இருக்கிறது என்றார். எக்ஸ்ரேயில் தெரியாத ஓட்டையும் உண்டு, காத்திருந்து சீழ் பிடித்துவிட்டால் கையை மீறிவிடும், இருட்டுவதற்குள் திறந்து பார்த்துவிடலாம் என்று சொன்னார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு வேறு கணக்கு இருந்தது. என் அப்பா ஒரு வயிற்று ஆபரேஷனுக்கு நடந்து உள்ளே போனவர். திரும்ப நடந்து வரவில்லை. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. பேச மூச்சில்லாமல் ராஜமதியின் கையைப் பிடித்து, "அப்பா மாதிரி ஆயிடும், வேணாம்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஜினதாஸ் கையெழுத்துப் போடப் போனான். அந்த நேரத்தில்தான் ஒரு சின்ன வயது டாக்டரம்மா என் பக்கத்தில் நின்று இடது காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். வலது கால் காய்ந்து கிடந்தது. இடது காலில் மட்டும் கணுக்காலைச் சுற்றி வேர்வை துளித் துளியாக நின்றது, துடைத்தால் மறுபடி வந்தது. அவர் ராஜமதியைப் பார்த்தார்.

"காலையில இருந்து என்ன பண்ணாரும்மா? எவ்வளவு சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க."

ராஜமதி தம்பி போன பக்கம் ஒரு தரம் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு பேர் சிரித்தும் திட்டியும் வாயை அடைத்துவிட்டார்கள். இவள் பேசாமல் இருந்துவிட்டால் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

"சொன்னா சிரிக்கக் கூடாதுங்க" என்றாள். பிறகு சொன்னாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, அது எப்படி இருந்தது என்று கேட்டார். ராஜமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கறுப்புங்க. வவுறு சுண்டக்கா அளவு இருக்கும், எண்ண தடவுன மாதிரி பளபளன்னு. காலு மெலிசு, முன்னால ரெண்டும் நல்லா நீட்டு. முதுவுல பின்னால இருந்து நடு வரைக்கும் செவப்பு கோடு. கோடு முழுசா இல்லீங்க, நடுவுல ஒரு எடத்துல உட்டுப் போயி மறுபடி ஆரம்பிக்குது. தலயும் முதுவும் சேர்ற எடம் ரொம்ப ஒடுக்கம்."

"இவ்வளவு தெளிவா எப்படிம்மா பாத்தீங்க?"

"பாத்தேங்க" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

டாக்டரம்மா ஓடிப்போய் சர்ஜனைக் கூட்டிவந்தார். புத்தகத்தில் படித்திருக்கிறேன் சார், பார்த்ததில்லை என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. சர்ஜன் மறுபடி என் வயிற்றில் கை வைத்தார், காலைத் தொட்டார், கணுக்காலுக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு சின்னப் புள்ளிகள் இருந்தனவாம். கொஞ்ச நேரம் தருகிறேன், நீ நினைக்கிறதைப் போட்டுப் பார், இளகாவிட்டால் நான் திறப்பேன் என்றார். அந்தப் பெரியவர் ஒரு பூச்சிக் கதைக்குக் காது கொடுத்தார் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

தியேட்டர் கதவுக்கு வெளியே தள்ளுவண்டியிலேயே எனக்கு ஊசி ஏறியது. கால்சியத்தை நரம்பில் மெல்ல மெல்லச் செலுத்தினார்கள். உடம்பெல்லாம் வெந்நீர் ஓடியதுபோலச் சூடு பரவியது. பிறகு தசையைத் தளர்த்தும் மருந்து ஒன்று. ராஜமதி கால்மாட்டில் நின்று உதடு அசைக்காமல் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் தொடை விட்டது. பிறகு அடிவயிறு. சர்ஜன் வந்து அழுத்தியபோது அவர் விரல் உள்ளே இறங்கியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தியேட்டரை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜினதாஸ் சுவரோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அதோடு முடிந்துவிடவில்லை. மருந்தின் வேகம் குறைந்தால் மறுபடி இழுக்கும், மறுபடி போடுவார்கள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது, தூக்கம் வரவில்லை, கை நடுங்கியது. இதற்கு மாற்று மருந்து வெளிநாட்டில் இருக்கிறதாம், இங்கே கிடைக்காதாம். அதனால் விஷம் தானாக அடங்கும்வரை தாங்க வேண்டியதுதான் என்று வார்டில் போட்டார்கள்.

அந்த வார்டுதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். பெரிய ஜன்னல், அதில் வேலூர் மலை. பக்கத்துக் கட்டிலில் ஆற்காட்டுக்காரர் ஒருவர், சிறுநீரகத்தில் கல். துணைக்கு அவர் மனைவி ஜைத்தூன் பீ. ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மாளுக்குப் பொழுது சாய்ந்தால்தான் வாயில் தண்ணீர் படும். என் மனைவிக்கோ பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் படக் கூடாது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு வருவதோ விளக்குப் போட்ட பிறகு. முதல் நாள் ராஜமதி பட்டினி கிடந்ததை ஜைத்தூன் பீ கவனித்துவிட்டார். மறுநாள் வெயில் மஞ்சளாகும்போதே எங்கிருந்தோ இட்லி வாங்கிவந்து நீட்டினார்.

"ஜல்தி சாப்புடு தங்கச்சி, சூரியன் பூடும். உன்னுது இப்ப, என்னுது அப்பறம்."

அன்று முதல் இருவரும் சாயங்காலம் ஜன்னலில் நின்று சூரியனைக் காவல் காத்தார்கள். ஒருத்தி அது இறங்குவதற்குள் சாப்பிட்டு முடிக்க, இன்னொருத்தி அது எப்போது இறங்கும் என்று பார்க்க. ராஜமதி பேரீச்சம்பழத்தை எடுத்துத் தட்டில் தயாராக வைப்பாள். வடிகட்டிய தண்ணீரை அவருக்கும் ஒரு செம்பு வைப்பாள். ஒருநாள் மேகமாக இருந்தது. போய்விட்டதா இல்லையா என்று இருவருக்கும் சந்தேகம் வந்து, கடைசியில் இருவருமே சாப்பிடாமல் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வலியோடு படுத்திருந்த நானும் சிரித்தேன். சிரித்ததில் வயிறு இழுத்துக்கொண்டது.

டாக்டரம்மா சாயங்காலம் ரவுண்டு முடிந்ததும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். என் தொழிலைப் பற்றி அவர் கேட்பார், விஷத்தைப் பற்றி நான் கேட்பேன். நரம்பும் தசையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். நடுவில் மயிரிழையைவிடச் சின்ன இடைவெளி உண்டாம். நரம்பின் முனையில் குட்டிக் குட்டிப் பைகளில் ஒரு ரசாயனம் கட்டி வைக்கப்பட்டிருக்கும். மூளையிலிருந்து கட்டளை வந்தால் கொஞ்சம் பைகள் மட்டும் உடையும். ரசாயனம் இடைவெளியைத் தாண்டிப் போய், தசையின் மேல் அதற்கென்றே இருக்கும் இடத்தில் உட்காரும். உட்கார்ந்தால் தசை சுருங்கும். வேலை முடிந்ததும் உடம்பே அதைத் துடைத்துவிடும், தசை தளரும். அந்த உட்காரும் இடத்துக்குத்தான் ரிசப்டர் என்று பெயர், தமிழில் ஏற்பி என்கிறார்கள். ஓர் ஏற்பியில் கண்டது எல்லாம் உட்கார முடியாது, அளவு பொருந்தினால்தான் முடியும்.

"இந்தச் சிலந்தியோட விஷம் தசைக்கே போகறதில்ல. நரம்பு முனையிலயே வேற ஒரு வேலைக்காக ஒரு ரிசப்டர் இருக்கு. அது அதுல வந்து உட்காருது. உட்கார்ந்து, நரம்போட தோல்லயே ஓட்டை போட்டுடுது. அந்த ஓட்டை வழியா வெளியில இருக்கற கால்சியம் உள்ள பாயும். கால்சியம் வந்தா கட்டளை வந்துடுச்சின்னு நரம்பு நம்பிடும். கட்டி வச்சிருக்கற பை எல்லாத்தையும் ஒரேயடியா கொட்டிடும்" என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அட்டையில் எலி கடித்துக் கண்ட இடத்தில் ஓட்டை விழுந்தால் இதேதான் நடக்கும். மயிலுக்கு உண்டான இழை மட்டும் தூக்காமல் கண்ட இழையும் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடா போக வழி இருக்காது, தறி திணறும். என் வயிறும் அப்படித்தான் நின்றது என்று சொன்னேன். டாக்டரம்மா கைதட்டாத குறை. நாளைக்கு நான் பாடம் எடுக்கப் போனால் மாணவர்களுக்கு இதையே சொல்வேன் என்றார். பிற்பாடு சொன்னாரோ என்னவோ.

கால்சியம் உள்ளே பாய்வதுதான் வினை என்றால் எனக்கு ஏன் கால்சியமே ஏற்றினீர்கள் என்று மடக்கினேன். அது பழைய வைத்தியம், சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, ஏன் என்று எங்களுக்கே முழுசாகத் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். உங்கள் வயிற்றை இளக்கியது பெரும்பாலும் இரண்டாவது மருந்தாக இருக்கும் என்றார். எல்லாச் சிலந்தியும் இப்படி இல்லையாம். சிலவற்றின் விஷம் நேர் எதிர். பூச்சியின் தசையில் இருக்கும் ஏற்பியைப் போய் அடைத்துக்கொள்ளும், கட்டளை வந்தும் உட்கார இடம் இருக்காது, பூச்சி துவண்டு தொங்கிவிடும். நரம்பு எப்படிப் பேசுகிறது என்பதையே விஞ்ஞானிகள் இந்த விஷங்களை வைத்துத்தான் நிறையக் கற்றுக்கொண்டார்களாம். மனிதனை வீழ்த்த வேண்டும் என்று அதற்கு எண்ணம் ஒன்றும் இல்லை, மடியில் வைத்து அழுத்தினீர்கள், கடித்தது என்றார். கடித்தது எது என்று பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் மனைவி சொன்ன அடையாளம் விதவைச் சிலந்திக்குத்தான் பொருந்துகிறது என்றும் சொன்னார். ராஜமதி அந்தப் பேரைச் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அடித்திருந்தால் கூழாகியிருக்கும், யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது, அடிபடாமல் பிடித்து விட்டதனால்தான் அதை இவ்வளவு நன்றாகப் பார்த்தீர்கள் என்று ஒருநாள் அவர் ராஜமதியைப் பாராட்டினார். ஜினதாஸ் அங்கேயே அக்காவிடம் மன்னிப்புக் கேட்டான். ராஜமதி என் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு முன்பு வீட்டுக்கு அனுப்பினார்கள். விடைபெறும்போது ஜைத்தூன் பீ ராஜமதியின் கையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வைத்து, சூரியன் இருக்கும்போதே சாப்பிடு என்றார். மயில் கரைக்கு அட்டையை முள்ளிப்பட்டில் வேறு ஒருவரிடம் அடித்து வாங்கி, ஏகாம்பரம் கல்யாணத்துக்குச் சேலையைக் கொடுத்துவிட்டிருந்தார். எனக்கு இன்னும் கை தளர்ச்சியாகவே இருந்தது. பைகள் காலியான நரம்பு முனை பட்டுப்போய்ப் புதிதாகத் துளிர்க்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதுவரை ராஜமதி பக்கத்தில் உட்கார்ந்து கிராப் தாளில் கட்டத்தை எண்ணிச் சொல்வாள், நான் நிதானமாகக் குத்துவேன். சதுர்த்தசிக்குச் சதுர்த்தசி தண்ணீர் மட்டும் குடித்து அவள் முழு விரதம் இருக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். நான் பிழைத்ததற்கு நன்றி சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

கதை ஊருக்கெல்லாம் பரவிவிட்டது. எங்கள் கோயில் திருவிழாவில் பேச வந்த ஒரு பெரியவர், ஓர் உயிரை இவள் காத்தாள், அது இவளுடைய மாங்கல்யத்தைக் காத்தது என்று மேடையில் சொன்னார். கூட்டம் முழுக்கத் திரும்பி ராஜமதியைப் பார்த்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ தலைகால் புரியாத பெருமை. அதன் பிறகு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

ஆண்டுகள் ஓடின. நானும் கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்றுக்கொண்டேன். மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. புது மாப்பிள்ளை முதல் தடவை வந்தபோது சாயங்காலச் சாப்பாட்டில் நான் பூச்சிக் கதையை ஆரம்பித்தேன். எவ்வளவு கருணை இருந்தால் அந்த நேரத்திலும் டம்ளரை எடுக்கத் தோன்றும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ராஜமதி எழுந்து உள்ளே போய்விட்டாள். பிள்ளைகள் கடைக்குக் கிளம்பிய பிறகு அவளிடம் போனேன். மறுநாள் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இனிமே அந்தக் கதைய யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். கையை அரிசித் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"நான் டம்ளர எடுக்கப் போவலைங்க. செருப்பத்தான் எடுத்தேன். நீங்க தரையில உருண்டுகினு கீறீங்க, இதுதான் பண்ணிச்சின்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி. எங்க அடிச்சா ஒரே அடியில போவும்னு பாத்துகினு நின்னேன். தல எது, முதுவு எது, ஒடுக்கம் எதுன்னு பாத்தேன். அதனாலதான் அவ்ளோ தெளிவாத் தெரிஞ்சிது. அந்த டாக்டரம்மா எப்பிடிப் பாத்தீங்கன்னு கேட்டப்ப என் உயிரே பூட்டுது."

அப்புறம் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ராஜின்னு கூப்புட்டீங்க. செருப்ப அங்கயே போட்டுட்டு ஓடியாந்தேன். திரும்பப் போனா, அது அங்கயே கீது. அப்பறம் கை வரல. டம்ளர எடுத்தேன். ஆனா மனசால அடிச்சாச்சி இல்ல? அதுக்குத்தான் இந்த விரதம்."

அவள் கருணையைப் பற்றி எத்தனை பேரிடம் அளந்திருக்கிறேன். எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு போகிறவள், கொசுவை ஊதி விரட்டுகிறவள், எனக்காக ஒரு நிமிஷம் அத்தனையையும் விட்டுவிடத் தயாராகச் செருப்போடு நின்றிருக்கிறாள். என் மேல் அவளுக்கு இருந்த பிரியத்தை இதைவிடப் பெரிதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவளோ அதைப் பாவம் என்று தனியாகச் சுமந்து, இத்தனை வருஷம் பட்டினி கிடந்து கழித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அடுத்த சதுர்த்தசி வந்தது. காலையில் அவள் எனக்கு மட்டும் இலை போட்டாள். எனக்கும் வேண்டாம் என்றேன். உங்களுக்கு என்ன வந்தது, மாத்திரை போட வேண்டாமா என்று கேட்டாள்.

"அந்தச் செருப்ப எனக்காகத்தானே எடுத்த. பாதி என்னுது" என்றேன்.

அவள் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால், வடிகட்டிய தண்ணீரை இரண்டு டம்ளரில் கொண்டுவந்து வைத்து, ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள்.